அக்டோபர் 31இல் வியாபாரம், நவம்பர் 7இல் விழா

நானும் என் கணவரும், கிறித்தவத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் இயற்கை வழிபாட்டை இக்காலத்தில் புதுப்பித்த பேகன் நெறியைப் பின்பற்றுகிறவர்கள். கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் பிழைக்கிறோம். மெழுகுவத்தியும் சோப்பும் என் பொறுப்பு. வழிபாட்டுக்கான கோல், துடைப்பம், ரூன் எனும் பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் செதுக்கிய மரவில்லைகள் என மரவேலை முழுவதும் அவருடையது. எங்கள் தொழிலைக் கேள்விப்படுகிறவர்கள், வீட்டில் எந்நேரமும் புகை சூழ்ந்திருக்கும், மந்திர ஒலி கேட்டுக்கொண்டேயிருக்கும் என்று கற்பனை செய்துகொள்கிறார்கள். எங்கள் நாளின் பெரும்பகுதியோ உப்புத்தாள் தேய்ப்பதிலும், தராசில் எண்ணெய் நிறுப்பதிலும், அட்டைப்பெட்டிகளுக்கு ஒட்டுநாடா போடுவதிலும் கழிகிறது. வேலை தொடங்குமுன் வழிபாட்டு மேடையில் வடக்கே உப்பு, கிழக்கே ஊதுவத்தி, தெற்கே சுடர், மேற்கே நீர் என வைத்துச் சிறிது நேரம் அமர்வது மட்டும் தவறுவதில்லை. உண்மையில் எங்களுக்குக் கடினமாக இருப்பது வேறொன்று: விழாக்களை நம்பிப் பொருள் விற்கிறவர்களால் அந்த விழாக்களை உரிய நாளில் கொண்டாட முடிவதில்லை.

பேகன் நெறியினரில் பலரும் கடைப்பிடிக்கும் ஆண்டுச் சக்கரத்தில் எட்டு விழாக்கள் உள்ளன. பகல் மிகக் குறுகிய நாள் யூல், மிக நீண்ட நாள் லித்தா, பகலும் இரவும் சமமாகும் இரு நாள்கள் ஒஸ்டாராவும் மேபனும். இவற்றுக்கு இடையிடையே இம்போல்க், பெல்டேன், லூனசா, சௌவின் ஆகிய நான்கும் வருகின்றன. வட அரைக்கோளத்தில் அக்டோபர் 31 அன்று வரும் சௌவின், மறைந்தவர்களை நினைவுகூரும் நாள். வியாபாரத்திலும் எங்களுக்கு அதுவே ஆகப் பெரிய நாள். அன்றைக்கு ஒரு மெழுகுவத்தியோ சோப்போ வாங்குகிறவர், அது எப்போது உருவானது என்று நினைத்துப் பார்ப்பதில்லை. சூடேற்றாமல் செய்யும் சோப்பில், சோடியம் ஹைட்ராக்சைடு எண்ணெயோடு வினைபுரிந்து அச்சில் இறுகிய பிறகும், ஈரம் வற்றிக் கட்டி உறுதிப்படுவதற்கு 4 முதல் 6 வாரங்கள் வரை ஆகும். ஆகவே சௌவினுக்கான சோப்பை செப்டம்பர் தொடக்கத்திலேயே வார்த்து முடித்திருக்க வேண்டும். கறுப்பு மெழுகுவத்திகள் அதற்கும் முன்பே தொடங்கிவிடும். ஆகஸ்ட் முதல் நாளான லூனசா, முதல் அறுவடைக்கு நன்றி சொல்லும் விழா. எங்கள் வழிபாட்டு மேடையில் தானியக் கதிர் இருக்கும்போதே பக்கத்து வேலை மேசையில் இறந்தோருக்கான மெழுகுவத்திகள் அச்சில் ஆறிக்கொண்டிருக்கும்.

மரத்தின் கணக்கு இன்னும் நீளமானது. பச்சை மரம் காற்றில் உலர ஓர் அங்குலத் தடிமனுக்கு ஏறத்தாழ ஓராண்டு என்பது தச்சர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மெல்லிய கோல்களுக்கு அவ்வளவு காலம் வேண்டியதில்லை என்றாலும், உலராத கிளையைச் செதுக்கினால் பின்னர் நீளவாக்கில் வெடித்துவிடும். என் கணவர் காற்றில் விழுந்த கிளைகளை மட்டுமே எடுப்பார். மரத்தடியில் சிறிது நீர் ஊற்றி நன்றி சொல்லிவிட்டுத்தான் எடுப்பார். துடைப்பத்துக்கு ஆஷ் மரத்தில் கைப்பிடி, பிர்ச் சுள்ளிகள், அவற்றைக் கட்ட வில்லோ நார் என்பது பழைய முறை. அந்த மூன்றும் ஒரே சமயத்தில் கைக்குக் கிடைப்பது அபூர்வம் என்பதால், கொட்டகையில் எப்போதும் வெவ்வேறு ஆண்டுகளின் மரம் அடுக்கப்பட்டிருக்கிறது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே வாழும் வாடிக்கையாளர்களுக்குப் பருவம் தலைகீழ். அவர்கள் ஏப்ரல் இறுதியில் சௌவினையும் ஜூனில் யூலையும் கொண்டாடுகிறார்கள். நாங்கள் பெல்டேனுக்கான மலர்வளையங்களைக் கட்டிக்கொண்டிருக்கும் வாரத்திலேயே கறுப்பு மெழுகுவத்திகளை அவர்களுக்கு அனுப்பியாக வேண்டும்.

‘இது முழுநிலவில் செய்ததா?’ என்பது எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி. ஒரு முழுநிலவுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 29½ நாள்கள் உள்ளன. அந்த ஓர் இரவில் மட்டுமே வார்ப்பதென்றால் நாங்கள் ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்லது பதின்மூன்று இரவுகள்தாம் வேலை செய்ய முடியும். எல்லாப் பொருளும் முழுநிலவில் உருவானது என்று விளம்பரம் செய்கிற விற்பனையாளர்களைப் பார்க்கும்போது, அவர்களுக்கு மட்டும் எத்தனை நிலவுகளோ என்று நாங்கள் சிரித்துக்கொள்வதுண்டு. எங்கள் பொருள்களைப் புனிதப்படுத்தாமலேயே அனுப்புகிறோம். அது வாங்குகிறவர் தம் கையால், தம் தெய்வத்தின் முன் செய்துகொள்ள வேண்டிய காரியம் என்பது எங்கள் கருத்து. இணைய அங்காடிகளின் விதிகளும் ஏறக்குறைய இதே திசையில்தான் சென்றிருக்கின்றன. ஈபே 2012இல் மந்திரம், சாபம், ஆசி போன்றவற்றின் விற்பனையைத் தடை செய்தது. எட்ஸி 2015இல் விதியை இறுக்கி, கையில் கிடைக்கும் பொருளாக இருக்க வேண்டும், பலன் கிடைக்கும் என்று வாக்களிக்கக் கூடாது என்றது. அப்போது பேகன் விற்பனையாளர்கள் பலர் கொதித்தார்கள். எனக்கு அந்தக் கோபம் முழுவதும் புரியவில்லை. மெழுகுவத்தி எரியும், சோப்பு நுரைக்கும் என்பதற்கு மேல் ஒரு கடைக்காரர் எதற்குப் பொறுப்பேற்க முடியும்?

விலையைப் பற்றி ஒரு சுவையான விஷயம். மந்திரக் கருவியைப் பேரம் பேசாமல் வாங்க வேண்டும் என்று ஐரோப்பாவில் ஒரு பழைய வழக்கு உண்டு. வாடிக்கையாளர்களில் பலர் அதை மறக்காமல் கடைப்பிடிக்கிறார்கள். கோலுக்குச் சொன்ன விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் அதே மனிதர், சோப்பு மூன்று எடுத்தால் குறைத்துத் தருவீர்களா என்று கேட்பார். என் வேலைக்கு மட்டும் அந்த வழக்கின் பாதுகாப்பு இல்லை என்பதை என் கணவர் மிகுந்த மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டுவார்.

விழாக்காலச் சந்தையில் கடை போட்டிருக்கும்போது மறைந்தவர்களை நினைத்து அமைதியாக அமர்வது நடக்கிற காரியமன்று. மீதிச் சில்லறை கொடுத்துக்கொண்டே ஒருவரால் துக்கம் காக்க முடியாது. இரவில் சாமான்களைக் கட்டி வீடு சேர்ந்த பிறகு ஏற்றும் விளக்கில் களைப்பைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. இதற்கு நாங்கள் கண்ட வழியை வானமே காட்டியது. சௌவின் என்பது இலையுதிர்காலச் சமநாளுக்கும் யூலுக்கும் நடுவில் வரும் விழா. சூரியனின் பாதையைக் கொண்டு அந்த நடுப்புள்ளியைக் கணக்கிட்டால் அது நவம்பர் 7ஐ ஒட்டி வருகிறது. பேகன்களில் ஒரு சாரார் அந்த நாளையே சௌவினாகக் கொள்கிறார்கள். நாங்களும் அவர்களோடு சேர்ந்துகொண்டோம். அக்டோபர் 31 வியாபாரத்துக்கு. நவம்பர் 7 எங்களுக்கு. அன்று கடை இல்லை, பார்சல் இல்லை, தொலைபேசியும் அணைந்திருக்கும். இறந்துபோன எங்கள் பெற்றோரின் படங்களுக்கு முன்னால், விற்பனைக்கென்று செய்யாத மெழுகுவத்திகளை ஏற்றுகிறோம்.

நாளை மாற்றுவது தெய்வக் குற்றமாகாதா என்று எங்களைக் கேட்டவர்கள் உண்டு. இந்த எட்டு விழாச் சக்கரம் இன்றைய வடிவத்தைப் பெற்றது 1950களின் இங்கிலாந்தில். அதில் விக்கா என்ற பேகன் பிரிவின் ஜெரால்டு கார்ட்னருக்கும் ட்ரூயிட் என்ற மற்றொரு பிரிவின் ராஸ் நிக்கல்ஸுக்கும் பெரும் பங்கு உண்டு. லித்தா, மேபன் என்ற பெயர்களை விழாக்களுக்குச் சூட்டியவர் அமெரிக்கரான ஐடன் கெல்லி. அது 1970களில் நடந்தது. தனித்தனி விழாக்கள் சில மிகப் பழையவை என்றாலும், அவற்றைக் கோத்த சக்கரம் எங்கள் பெற்றோரின் தலைமுறையைச் சேர்ந்தது. நெறியின் இளமை எங்களுக்குக் கூச்சம் தருவதில்லை. அண்மைக் காலத்து மனிதர்கள் அமைத்த நாள்காட்டியை அதன் பொருள் கெடாமல் ஒரு வாரம் நகர்த்திக்கொள்ளும் உரிமை அதைப் பின்பற்றுகிறவர்களுக்கு உண்டு என்றே நினைக்கிறோம்.

யூலை நகர்த்த முடியாது. சூரியன் திரும்பும் நாள் நம் வசதியைக் கேட்பதில்லை. ஆனால் பரிசுப்பொருள்கள் யூலுக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டியவை என்பதால், டிசம்பர் நடுவில் கடைசிப் பார்சலை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திவிடலாம். சிக்கல் லித்தாவில்தான் இருக்கிறது. அதுவும் சூரியனுக்குக் கட்டுப்பட்ட நாள். கோடைச் சந்தைகள் உச்சத்தில் இருக்கும் நேரமும் அதுதான். அன்று விடியலுக்கு முன்பே எழுந்து, வெளியில் நின்று சூரியனை வரவேற்று வழிபாட்டை முடித்துவிட்டு, அப்படியே வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சந்தைக்குப் போகிறோம். பிற்பகலில் என் கணவர் நின்றுகொண்டே தூங்குவார் என்பதால், அன்றைக்கு மட்டும் பணப்பெட்டி என்னிடம் இருக்கும்.