பிளஸ் ஒன் பிள்ளைகளோடு ஒரு கள ஆய்வு: அனுமதிக் கடிதத்தில் தொடங்கி அறிக்கை வரை

எங்கள் பிள்ளைகளின் அறிக்கை போன வாரம்தான் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வாசிக்கப்பட்டது. சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், அரசுப் பள்ளியில் சமூக ஆய்வு செய்ய வைக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு உதவும்.

தலைப்பு: நம் ஊர்ப் பெண்களின் ஒரு நாள் எதில் எல்லாம் போகிறது. 2019-இல் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம் என்று வந்தது. அந்த 97-கூட, வீட்டு வேலை செய்த ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. இதைச் சொன்னதுமே ஒரு பொண்ணு "எங்க வீட்டுல அஞ்சு நிமிஷம்கூடத் தேறாது மிஸ்" என்றாள். படிவம், பயிற்சி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தது.

சிக்கல் அனுமதியில். தலைமையாசிரியர் மேலிடத்துக் கடிதம் வேண்டும் என்றார், சரி, நியாயம். மாவட்ட அலுவலகத்தில் பிரிவு எழுத்தர் மனுவைப் பார்த்துவிட்டு "எந்த யூனிவர்சிட்டி? கைடு லெட்டர் எங்கே?" என்றார். பிஎச்டி செய்பவர் பள்ளிக்கு வந்து மாணவர்களிடம் தகவல் எடுப்பதற்கு அவர்களிடம் நடைமுறை இருக்கிறது, மாணவர்களே ஆய்வு செய்வதற்கு இல்லை. "பசங்க ஆராய்ச்சி பண்றாங்களா?" என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் எரிகிறது. அடுத்த முறை போனால் மனு வரவே இல்லை என்றார்கள். தபால் பிரிவில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருந்ததால் தப்பித்தேன், அந்த நகலைக் காட்டிய பிறகுதான் கோப்பு கிடைத்தது. அதற்குள் காலாண்டுத் தேர்வு வந்துவிட்டது. கடைசியில் தலைமையாசிரியரே பள்ளியின் மன்றச் செயல்பாடு என்று எழுதி அனுப்பினார், உடனே கையெழுத்தாகி வந்தது. நீங்கள் முதலிலேயே அப்படி அனுப்புங்கள், தனி நபராகப் போகாதீர்கள்.

அப்புறம் வீடுகள். படிவத்தில் வருமானம் பற்றி ஒரு கேள்வி இருந்தது. முதல் தெருவிலேயே ஒரு அம்மா "ஏம்மா, இதை எழுதினா ஆயிரம் ரூபாய் நின்னுடுமா?" என்று கேட்டுவிட்டார். மகளிர் உரிமைத் தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நில அளவு, மின்சார யூனிட் வரை வரம்பு உண்டு. அதனால் நோட்டோடு யார் வந்தாலும் பயம்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவி, அடுத்த நாள் கதவே திறக்கவில்லை. வருமானக் கேள்வியை எடுத்தோம், பெயர், கதவு எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு வெறும் வரிசை எண் போட்டோம், 'இது பள்ளிப் பாடத்துக்கு மட்டும், பிடிக்கவில்லை என்றால் பாதியில் நிறுத்தலாம்' என்று பிள்ளைகள் ஒவ்வொரு வீட்டிலும் வாய்விட்டு வாசித்தார்கள். அதன் பிறகு மோர் கொடுத்து உட்கார வைத்தார்கள்.

நேரத்தைக் கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். முந்தைய நாள் விடிகாலை 4 மணியிலிருந்து அன்று விடிகாலை 4 வரை, அரை மணி அரை மணியாகக் கேட்கும் அந்தக் கணக்கெடுப்பின் முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். மதியம் ரெண்டிலிருந்து நாலு வரை என்ன செய்தீர்கள் என்றால் பாதிப் பேர் "சும்மாதான் இருந்தேன்" என்கிறார்கள். ஒரு வீட்டில் இதைச் சொன்னவரின் மடியில் முறம், கை மல்லாட்டை (நிலக்கடலை) உரித்துக்கொண்டே இருக்கிறது. எங்கள் பொண்ணு பேனாவை நிறுத்திவிட்டு முறத்தைப் பார்த்து "நேத்தும் உரிச்சீங்களா அத்தை?" என்றாள். "தினம்தான், டிவி பாத்துக்கிட்டே." அன்றிலிருந்து ஒரு அரை மணிக்கு மூன்று வேலை வரை எழுதினோம், "அப்போ கையில என்ன வேலை இருந்துச்சு?" என்றும் சேர்த்துக் கேட்டோம். இந்த ஒரு கேள்விக்கு வந்த பதில்கள் ஏராளம்.

இனி முக்கியமானது. ஒரு பையனின் படிவங்கள் எல்லாமே ஒரே மாதிரி இருந்தன, சமையல் மூன்று மணி, தூக்கம் எட்டு மணி. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அவன் காலனிப் பையன், தலித் குடியிருப்பிலிருந்து வருபவன். ஊர்த்தெருவில் எந்த வீட்டிலும் உள்ளே கூப்பிடவில்லை, சில வீட்டில் படலுக்கு வெளியிலேயே "அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்கள். படிவத்தைக் காலியாகக் கொடுக்க வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்து நிரப்பியிருக்கிறான். நான் திட்டவில்லை. அந்தப் படிவங்களைக் கணக்கில் சேர்க்காமல் தனியே வைத்துவிட்டு, எங்கே நிறுத்தினார்கள், என்ன சொன்னார்கள் என்பதைக் களக்குறிப்பாக எழுதச் சொன்னேன். பக்கம் பக்கமாக எழுதினான். மொத்த அறிக்கையிலும் அதுதான் சத்தான பகுதி. உங்கள் பிள்ளைகளின் படிவங்களில் முழு எண்களாகவே வந்தால், பொய் என்று பாய்வதற்கு முன் வாசலில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

தலைமையாசிரியர் அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார், "ஊர்ல பிரச்சினை ஆயிடும்." அந்தப் பயம் பொய்யில்லை, மாட்டப்போவது பையன்தான் என்பதும் தெரியும். தெருப் பெயர், வீட்டு அடையாளம், எழுதியது யார் என்பது எல்லாவற்றையும் நீக்கி, அவனிடமும் அவன் அப்பாவிடமும் கேட்டு, அவர்கள் சம்மதித்த பிறகு 'தகவல் கிடைக்காத வீடுகள்: காரணங்கள்' என்ற தலைப்பில் வைத்தோம். அதை எடுத்தால் ஆய்வே அரைகுறை என்று பிள்ளைகள் எல்லோருமாகப் போய்ச் சொன்னதும் அவர் ஒத்துக்கொண்டார். கூட்டத்தில் மற்ற பகுதிகளோடு அதுவும் வாசிக்கப்பட்டது, யாரும் எழுந்து போகவில்லை.

அடுத்த வருடம் ஆண்களின் நாளையும் எடுக்கலாம் என்கிறார்கள் பிள்ளைகள். மனுவை இந்த முறை ஜூனிலேயே பள்ளி வழியாக அனுப்பிவிடப் போகிறோம். படிவ மாதிரி வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன்.