ஐஸ் பெட்டிக்குள் ஆட்டுத் தொடை

அழைப்பிதழில் இரவு ஏழு மணி என்று போட்டிருப்பார்கள். ஏழரைக்கு மண்டபத்தில் நாங்களும் டிஜேயும் மட்டும்தான் இருப்போம். எட்டரைக்கு ஆட்கள் வந்து, அப்புறம் பேச்சு, நடனம், கேக் வெட்டி, சாவி கொடுத்து (நம்ம ஊரில் 21வது பிறந்தநாளுக்குச் சாவி கொடுப்பது வழக்கம்), சாப்பாட்டைத் திறக்கும்போது மணி ஒன்பதரை. கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கேட்டரிங் சமையலறையில் கரி அடுப்புப் பக்கம் ஆறு வருஷம் நின்றேன். சொன்ன நேரத்துக்குச் சாப்பாடு திறந்த விருந்து ஒன்றுகூட நினைவில் இல்லை.

குழம்புக்கும் பிரியாணிக்கும் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. சுட்ட ஆட்டுத் தொடைக்குத்தான் தலைவலி. ஆரம்பத்தில் ஏழு மணிக்குச் சரியாக இறங்கும்படி கணக்குப் போட்டு, மண்டபத்துக்குக் கொண்டுபோனதும் துண்டு போட்டு, அடியில் வெந்நீர் கொதிக்கிற பஃபே தட்டில் பரப்பி வைப்போம். ஒன்பதரைக்கு அது செருப்புத் தோல். வெட்டிய இறைச்சியில் சாறு நிற்காது, சாறு எல்லாம் தட்டோடு போய்விடும். ஆட்களும் வாய்விட்டுக் குறை சொல்ல மாட்டார்கள், தட்டு ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டுக் கோழி எடுக்கப் போவார்கள். பார்த்துக்கொண்டு நிற்பதுதான் கொடுமை.

மீன் பிடிக்கப் போகிறவர்கள் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பெரிய ஐஸ் பெட்டி ஒன்றைப் பெரியண்ணன், அதாவது எங்கள் தலைமைச் சமையல்காரர், வீட்டிலிருந்து கொண்டு வந்தார். குளிரை உள்ளே வைக்கிற பெட்டி சூட்டையும் வைக்கும், அவ்வளவுதான். நான் புத்திசாலி மாதிரி, நெருப்பிலிருந்து எடுத்த கையோடு தொடையை அலுமினியத் தாளில் சுற்றிப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டேன். ராத்திரி திறந்தால் எலும்பு தனியாக வழுக்கிக்கொண்டு வந்தது, இறைச்சி கூழ், மேலே மொறுமொறு என்று இருந்த தோலெல்லாம் ஊறிப்போயிருந்தது.

“மூடாதடா தம்பி, உள்ள இன்னும் வெந்துக்கிட்டிருக்கு,” என்றார் அண்ணன், அடுத்த தடவை.

விஷயம் அதுதான். முன்னந்தொடை ஓடி உழைத்த சதை, அதற்குள் இருக்கிற கொலாஜன் மெதுவாக உருகி ஜெலட்டின் ஆனால்தான் மிருதுவாகும், அதற்காகவே உள் சூடு 93, 95 டிகிரி செல்சியஸ் வரை விடுகிறோம். அந்தச் சூட்டோடு பெட்டிக்குள் அடைத்தால் அது தானாகவே சமைத்துக்கொண்டு போகும். அதனால் நான்கு மணிக்கே இறக்கி, அரை மணி நேரம் திறந்தபடி வைத்து, தெர்மாமீட்டர் 80க்குக் கீழே வந்த பிறகுதான் சுற்றுவோம். அதற்குள் ஐஸ் பெட்டி சூடாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரை ஊற்றி மூடி வைத்திருப்போம். அதைக் கொட்டிவிட்டு, தொடைகளை நெருக்கமாக அடுக்கி, இடைவெளியில் பழைய டவல்களைத் திணித்து மூடுவது. அப்புறம் யார் கேட்டாலும் மூடியைத் திறக்கக் கூடாது. முதலாளி கேட்டாலும்தான்.

நிறைய தொடை இருந்தால் ஒன்பதரைக்கும் 64, 65 காட்டும். ஒரு தடவை சின்ன ஆர்டர், பாதிப் பெட்டி காலி, டவலும் போதவில்லை, திறந்து குத்திப் பார்த்தால் 54. டைபாய்டு ஊசி போட்டு உணவு கையாள்பவர் பயிற்சிக்குப் போனவர்களுக்குத் தெரியும், 5க்கும் 60க்கும் நடுவில் சாப்பாடு கிடக்கக் கூடாது என்று அங்கே சொல்லிச் சொல்லி அனுப்புவார்கள். சமைத்தாலும் சாகாத வித்து வைக்கிற கிருமிகள் இறைச்சியில் உண்டு, மிதமான சூட்டில் மணிக்கணக்கில் விட்டால் பெருகும். எப்போது 60க்குக் கீழே இறங்கியது என்று தெரியாததால் எல்லாவற்றையும் குப்பையில் போட்டோம். முதலாளி சம்பளத்தில் பிடிக்கவில்லை, ஆனால் ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான் கம்பி வைத்த தெர்மாமீட்டர் வாங்கினோம், கம்பி உள்ளே, எண் வெளியே.

டெக்சாஸ் கடைகளில் மாட்டு நெஞ்சுக்கறியை இப்படித்தான், ஆனால் மின்சார அலமாரியில் 60, 65 டிகிரியில் இரவு முழுக்க வைத்து மறுநாள் விற்கிறார்கள். நம் விருந்துகளில் மாடு கிடையாது, அலமாரி வாங்க முதலாளிக்கு மனசும் கிடையாது. கோழிக்கு இந்த வேலையெல்லாம் ஆகாது, தோல் நமத்துப்போகும். குச்சியில் குத்திச் சுடுகிற சாத்தேயை நெருப்பிலிருந்து நேராகத் தட்டுக்குத்தான் கொடுக்க வேண்டும்.

போன மாதம் ஒரு விருந்தில் தாளைப் பிரித்துக் கத்தி வைத்ததும் ஆவி கிளம்பியது. வரிசையில் முதலில் நின்ற ஆன்ட்டி, “இப்பதான் அடுப்புல இருந்து எடுத்தீங்களா?” என்று கேட்டார். ஐந்தரை மணி நேரம் ஆகியிருந்தது. ஆமாங்க ஆன்ட்டி என்றேன். மறுநாள் காலையில் பெட்டியில் திணித்த டவல்களை வாளியில் ஊறப்போட்டேன், ஆட்டுக் கொழுப்பு வாடை போகாது என்று அம்மா அவற்றை வாஷிங் மெஷின் பக்கமே விடுவதில்லை.