உறுதிமொழியில் சேர்ந்த வரி

"எங்கட காணியை ஆமி எடுத்தவன். இண்டைக்கும் ஒருத்தரும் மன்னிப்புக் கேக்கேல்லை. இஞ்ச வெள்ளைக்காரன் எடுத்த காணிக்கு நான் ஏன் பிள்ளை சத்தியம் பண்ண வேணும்?"

நான் நடத்தும் கனடியக் குடியுரிமைப் பரீட்சை வகுப்பில், இலங்கைப் போருக்குத் தப்பி வந்த ஒரு ஐயா இப்படிக் கேட்டார். 55 வயதைத் தாண்டியவர் என்பதால் அவருக்குப் பரீட்சை இல்லை, மனைவிக்குத் துணையாக வந்திருந்தார். குடியுரிமை பெறும்போது எடுக்கும் உறுதிமொழி மட்டும் இருவருக்கும் உண்டு. கனடாவின் பூர்வகுடிகளான முதற்குடிகள், இனுயிட், மெட்டி மக்களின் உரிமைகளையும் ஒப்பந்த உரிமைகளையும் அரசியலமைப்பு ஏற்கிறது என்ற வரி 2021 ஜூனில் அதில் சேர்ந்தது.

"அது மன்னிப்பு இல்லை ஐயா. ஒப்பந்தத்தை மதிப்பன் எண்டுதான் சொல்லுறியள்" என்றேன். சட்டப்படி சரியான பதில். ஆனால் அவர் சட்டத்தைக் கேட்கவில்லை.

அதனால் பாடத்தை விட்டு விலகி, பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த வதிவிடப் பள்ளிகளைப் பற்றிப் பேசினேன். வழிகாட்டி நூலில் அதற்கு ஒரு பந்திதான், பரீட்சைக்கு அது போதும். எனக்குப் போதவில்லை. பிள்ளைகள் காசநோயில் சாகிறார்கள் என்று டாக்டர் பீட்டர் பிரைஸ் 1907இலேயே அரசுக்கு எழுதிக் கொடுத்தார். 1920இல் அதே அரசு, 7 முதல் 15 வயதுப் பிள்ளைகளைக் கட்டாயமாக அனுப்பச் சட்டத்தைத் திருத்தியது. எல்லாமாகச் சுமார் 1,50,000 பிள்ளைகள். தெரியாமல் நடந்ததென்று யாரும் சொல்ல முடியாது. அதை எப்படி விட்டுவிட்டு அடுத்த பக்கம் போவது?

போரைக் கண்டு வந்த சனத்துக்கு இன்னொரு சாவுக் கதை ஏன் என்று பொறுப்பாளர் பிறகு கேட்டார். நியாயமான கேள்விதான். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. "எங்களுக்கு நடந்தது மாதிரித்தான்" என்று நான் சொன்னபோதுதான் வகுப்பு முழுக்க என் பக்கம் திரும்பியது. உண்மையில் அது முழுக்க ஒரேமாதிரி இல்லை. எங்களுக்கு அடைக்கலம் தந்த அரசுதான் அந்தப் பிள்ளைகளைப் பிடுங்கியது. நன்றியோடு இருப்பவர்களிடம் அதைச் சொல்வதுதான் கடினம், அதை நான் தொடவில்லை.

"அப்ப ரொறன்ரோக் காணி?" என்றார் ஐயா. அந்தக் காணியை வாங்கியதாக 1787இல் மிசிசாகா என்ற முதற்குடி மக்களோடு எழுதிய பத்திரம் வெறுமையாக இருந்ததையும், 1805இல் சுமார் 2,50,000 ஏக்கருக்குப் பத்து ஷில்லிங் கொடுத்ததையும், 2010இல் 14.5 கோடி டொலருக்கு அவர்களின் காணிக் கோரிக்கை தீர்ந்ததையும் சொன்னேன்.

"காசு குடுத்தபடியா முடிஞ்சுதெண்டு சொல்லுறியோ? எங்களுக்குத் தந்தாலும் அப்பிடித்தான் சொல்லுவியோ?"

முதலில் கேட்டதற்கு நேரெதிரான இடத்தில் அப்போது அவர் நின்றார். நான் கொண்டுபோய் நிறுத்தியதா, தானாகவே வந்தாரா, தெரியவில்லை. தானாக என்றுதான் நினைக்க விரும்புகிறேன்.

இப்போதும் அந்தப் பந்தியை நீட்டித்தான் நடத்துகிறேன். எங்கள் இழப்பை இழுக்காமல் அவர்களுடையதை அவர்களுடையதாகவே சொல்லப் பார்க்கிறேன். முடிவதில்லை. நான் சொல்லாவிட்டாலும் வகுப்பில் யாராவது தங்கள் காணிக் கதையைத் தொடங்கிவிடுகிறார்கள், எனக்கும் நிறுத்த மனம் வருவதில்லை.