டேப்பே எடுக்காம சைஸ் சொல்ற கடையில வெரிகோஸ் சாக்ஸ் வாங்காதீங்க

கால்ல நரம்பு சுருண்டு புடைச்சிருந்தா போடுற இறுக்கமான சாக்ஸ் இது. மூணு ஜோடி தண்டம், 4,900 ரூபா போச்சு, நாலாவது ஜோடிதான் என் காலுக்குச் சேந்துச்சு. வயித்தெரிச்சல் இன்னும் அடங்கல, அதான் எழுதுறேன்.

மதுரையில ஜவுளிக்கடை, பட்டு செக்‌ஷன், 14 வருசமா நின்னுக்கிட்டே வேலை. கடை ஆளுங்க உக்கார ஸீட் குடுக்கணும்னு 2021ல சட்டமே திருத்தியாச்சு, எங்களுக்கும் ஸ்டூல் வந்துச்சு, அதுல இப்ப சேலைப் பெட்டிதான் உக்காந்திருக்கு. இடது கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு பச்சைப்பச்சையா புடைச்சு, சாயங்காலமானா கொலுசு அப்படியே சதைக்குள்ள பதியும். ரத்தம் எப்படி ஓடுதுன்னு பாக்குற டாப்ளர் ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டர் ஆபரேசன் இப்போதைக்கு வேணாம்னு சொல்லி, சீட்டுல க்ளாஸ் 2, தொடை வரைக்கும்னு எழுதிக் குடுத்தாரு. க்ளாஸ்ங்கிறது எவ்வளவு இறுக்கம்ங்கிற கணக்கு. சைஸ் எழுதல. நானும் கேக்கல.

பக்கத்துல இருந்த மெடிக்கல்ல சீட்டை நீட்டுனேன். கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற பையனுக்கு என் கால் தெரியவே தெரியாது, மூஞ்சியப் பாத்துட்டு "உங்களுக்கு மீடியம் போதும்க்கா"ங்கிறான். காலுக்கு சைஸ் மூஞ்சில எழுதியிருக்கா? ஆனா அப்ப எனக்கு இது உறைக்கல, 1,900 ரூபா குடுத்து வாங்கிட்டு வந்துட்டேன். மறுநாள் காலைல மாட்டவே அரை மணி நேரம், வேர்த்து விறுவிறுத்துப் போச்சு. பதினோரு மணிக்கெல்லாம் மேல் பட்டி நழுவி முட்டிக்குக் கீழ வந்து கயிறாட்டம் சுருண்டுக்கிச்சு, கஸ்டமர் முன்னாடி சேலைய விரிச்சுக்கிட்டே ஒரு கையால பாவாடையோட சேத்து இழுத்து விட்டுக்கிட்டு நிக்கிறேன். ராத்திரி கழட்டுனா முட்டிக்குக் கீழ சுத்திலும் பள்ளம், வெரல் மரத்துப் போயிருந்துச்சு. திருப்பிக் குடுக்கப் போனா "டப்பா பிரிச்சாச்சுல்ல, இதெல்லாம் ரிட்டன் எடுக்க மாட்டோம்". மூணு ரூபா மாத்திரைன்னா கூட திருப்பி எடுத்துக்கிறாங்க.

ரெண்டாவது ஆன்லைன். அதுல சைஸ் சார்ட்டே உயரமும் எடையும் வச்சுதான் போட்டிருந்துச்சு, அங்கயே நான் சுதாரிச்சிருக்கணும். 900 ரூபாதானேன்னு போட்டுட்டேன். வெள்ளைவெளேர்னு வந்துச்சு, கால் வெரல்கிட்ட அடியில ஒரு ஓட்டை. அப்புறம்தான் தெரிஞ்சுது, அது ஆபரேசன் முடிஞ்சு படுத்திருக்கிறவங்களுக்கு ரத்தம் கட்டாம இருக்கப் போடுறது, அழுத்தமே 18 எம்எம் (பிபி பாக்குற அதே பாதரச அளவு) கிட்டதான் வரும். நாள் பூரா நிக்கிற எனக்கு எழுதுன க்ளாஸ் 2ன்னா 23லேருந்து 32. ரெண்டும் பாக்க சாக்ஸ்தான், வேலை வேற.

மூணாவதுக்கு சர்ஜிக்கல் கடைக்கே போனேன். அங்க டேப் இருந்துச்சு, சந்தோசமாயிட்டேன். ஆனா சாயங்காலம் ஆறு மணி, கால் வீங்கி உருளையா இருக்கு, அந்தாளு லெக்கின்ஸ் மேலயே டேப்பைச் சுத்தி "லார்ஜ்"னு குடுத்துட்டாரு. மறுநாள் காலைல கணுக்கால்ல லொடலொடன்னு நிக்குது. 2,100 ரூபா.

அடுத்த செக்கப்புல மூணையும் பையில போட்டு எடுத்துட்டுப் போய் ஓபில இருந்த சிஸ்டர்கிட்ட கொட்டுனேன். அவங்கதான் தெளிவா சொன்னாங்க. இந்த சாக்ஸுல அழுத்தம் கணுக்கால்லதான் அதிகம், மேல போகப் போக கொறையணும், அப்பதான் ரத்தம் மேல ஏறும். மேல் பட்டி சுருண்டாலோ, நீளமா இருக்குன்னு நாமளே மடிச்சு விட்டாலோ, எங்க கம்மியா இருக்கணுமோ அங்க டபுளா இறுக்கும். காலைல எந்திரிச்ச உடனே, கால் வீங்குறதுக்கு முன்னாடி அளவெடுக்கணும், வெறும் கால்ல. கணுக்கால் எலும்புக்கு மேல ஒல்லியா இருக்குற எடம், கெண்டைக்கால்ல பருத்த எடம், தொடை வரைக்கும்னா தொடைச் சுத்தளவு, அப்புறம் தரையிலேருந்து முட்டி மடிப்பு வரைக்கும் நீளம். சைஸ் முடிவு பண்றது முதல்ல கணுக்கால்தான்.

இதுல அசிங்கம் என்னன்னா, நாள் பூரா ஊரான் வீட்டுக் கல்யாணத்துக்கு அளந்து கிழிக்கிறவ நான், என் கால அளக்கணும்னு எனக்கே தோணல. கடையில ஆல்ட்ரேசன் பாக்குற டெய்லர் அண்ணன்கிட்ட இஞ்ச் டேப்பை ஒரு ராத்திரிக்குக் கடன் வாங்கிட்டுப் போனேன், அதுக்குப் பின்பக்கம் சென்டிமீட்டர் இருக்கும், சார்ட்டெல்லாம் சென்டிமீட்டர்லதான். விடிகாலைல கட்டில்லேருந்து எறங்காமயே அளந்தேன், நீளம் மட்டும் நின்னு மகள எடுக்கச் சொன்னேன். கணுக்கால் 21, கெண்டைக்கால் 38, தொடை 60. கணுக்கால் ஸ்மால்ல வருது, தொடை லார்ஜ்ல வருது. மீடியம் எங்கிட்டுதான் சேரும்?

அளவெழுதுன தாள டாக்டர்கிட்ட காட்டுனேன். சுருட்டல் கெண்டைக்கால்லதானே, நழுவுற தொடை சாக்ஸுக்கு முட்டி வரைக்கும் ஒழுங்கா நிக்கிறதே மேல்னு சீட்டை மாத்திக் குடுத்தாரு. முட்டிக்குக் கீழ, க்ளாஸ் 2, வெரல் தொறந்தது, செருப்பு போட வசதி. இந்தத் தடவை டப்பா மேல இருக்குற சார்ட்டுல என் நம்பரைத் தேடிப் பாத்துட்டுதான் காசு குடுத்தேன், 1,700.

மாட்டுறதுக்கு பாத்திரம் கழுவுற ரப்பர் கையுறை போட்டுக்கோங்க, நகம் மோதிரம் பட்டா இழை போயிரும். குதிகால் வரைக்கும் உள்வெளியா திருப்பி, பாதத்தை நுழைச்சுட்டு, மிச்சத்தை உள்ளங்கையால நீவி நீவி ஏத்தணும், காதைப் புடிச்சு இழுக்குற மாதிரி இழுக்கக் கூடாது. குளிச்ச ஈரம் காயாம போட்டா ஏறவே ஏறாது, கொஞ்சம் பவுடர் போட்டா நல்லா வழுக்கும். ஷாம்பு மாதிரி லேசான சோப்புல அலசி நெழல்ல காயப் போடணும், மதுரை வெயில்ல போட்டா ரப்பர் செத்துரும். எப்படியும் ஆறு மாசத்துல இழுவை விட்டுரும், புதுசு வாங்கணும், அப்பவும் மறுபடி அளக்கணும்.

என்னோடது சேந்ததைப் பாத்துட்டு மாமியார் "எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வாம்மா"ன்னாங்க. அவங்களுக்கு 20 வருசமா சுகர். டாக்டர்கிட்ட கேட்டா, காலுக்குப் போற ரத்த ஓட்டம் சரியா இருக்கான்னு பாக்காம போடவே கூடாது, கொறைச்சலா இருந்தா இந்த இறுக்கம் புண்ணாக்கி விட்டுரும்னு சொல்லிட்டாரு. அதனால ஒருத்தர் சாக்ஸை இன்னொருத்தருக்குத் தூக்கிக் குடுக்காதீங்க.

இப்ப சாயங்காலம் கொலுசு சுலபமா சுத்துது. பட்டு செக்‌ஷன்லயும் காட்டன் செக்‌ஷன்லயும் ஆறேழு பேரு டேப்பு கேட்டு வரிசை கட்டிட்டாங்க. டெய்லர் அண்ணன் நேத்து, "ஜாக்கெட் அளவுக்கு மட்டும்தாம்மா வச்சிருந்தேன், வாங்கிட்டுப் போனா காலைல பத்து மணிக்குள்ள வந்துரணும்"னு ஒரு நோட்டுல பேர் எழுத ஆரம்பிச்சுட்டாரு.