எலக்ராமாவுக்குப் போய்வந்த ஒரு வயரிங் கான்ட்ராக்டர்

கோவையில் வீடு, கடை, சின்னப் பட்டறை என்று வயரிங் எடுத்துச் செய்கிறவனுக்கு எலக்ராமாவில் என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மின்கருவி உற்பத்தியாளர் சங்கமான ஈமா 1990 முதல் நடத்திவரும் கண்காட்சி அது. டிரான்ஸ்பார்மர், மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்கியர் என்று பெரிய கம்பெனிகள் ஆக்கிரமித்திருக்கும் இடம். ஆனாலும் 2025 பிப்ரவரி 22 முதல் 26 வரை கிரேட்டர் நொய்டாவில் நடந்தபோது போனேன். இ.வி. சார்ஜரும் சோலாரும் கேட்டு வாடிக்கையாளர்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளூர் கடைக்காரர்களிடம் சந்தேகம் கேட்டால் விலையைத்தான் சொல்கிறார்கள்.

இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டால் உள்ளே நுழைவது எளிது. போகிற வழியில்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். டெல்லி மெட்ரோ நீல வழித்தடத்தில் நொய்டா செக்டர் 52-இல் இறங்கி, வெளியே வந்து செக்டர் 51 நிலையத்துக்கு நடந்து, அக்வா லைன் பிடித்து, நாலெட்ஜ் பார்க் 2-இல் இறங்க வேண்டும். இரண்டும் வேறு வேறு நிர்வாகம் என்பதால் டிக்கெட்டும் தனித்தனியாக எடுக்க வேண்டியிருந்தது.

உள்ளே போனதும் ஹால் ஹாலாகச் சுற்ற ஆரம்பித்தால் மதியத்துக்குள் கால் போய்விடும், கையில் கேட்லாக் மூட்டைதான் மிஞ்சும். சைட்டில் எழுந்த சந்தேகங்களைப் பாக்கெட் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். எந்த ஸ்டாலிலும் முதலில் வருபவர் விற்பனை ஆள். அவரிடம், "டெக்னிக்கல் ஆள் யாராவது இருக்காங்களா?" என்று கேட்டுவிட வேண்டும். கூப்பிட்டு விடுவார்கள், தயங்குவதில்லை.

அப்படி வந்த ஒருவர் கோவில்பட்டிக்காரர். என் தமிழ் இங்கிலீஷைக் கேட்டதுமே, "நம்ம பக்கமா அண்ணே?" என்றார். அவர் ஸ்டாலில் ஒரு டெமோ போர்டு இருந்தது. பக்கத்து பக்கத்தில் இரண்டு ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். இரண்டும் 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கானவை. ஒன்றின் முகப்பில் அலை மட்டும் வரைந்திருக்கும், அது ஏ.சி. டைப். இன்னொன்றில் அலைக்குக் கீழே பாதி அலையும் இருக்கும், அது ஏ டைப். சாதாரண ஏ.சி. கசிவு கொடுத்தார், இரண்டும் விழுந்தன. அப்புறம் நடுவே, மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு ஒன்றைப் போட்டுப் பாதி அலையாகக் கசியவிட்டார். ஏ டைப் படக்கென்று விழுந்தது. ஏ.சி. டைப் அசையவே இல்லை.

"டெஸ்ட் பட்டனை அழுத்துங்கண்ணே" என்றார். அழுத்தினேன், விழுந்தது. பட்டன் உண்டாக்குவது ஏ.சி. கசிவுதான் என்பதால் அது எப்போதும் நல்ல பிள்ளையாக விழும். இன்வெர்ட்டர் ஏசி, வாஷிங் மெஷின் எல்லாவற்றுக்குள்ளும் ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் ரெக்டிபையர் இருந்து, கசிவும் பாதி அலையாக வரக்கூடிய காலத்தில் இதை நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. இ.வி. சார்ஜரில் இன்னொரு படி உண்டு. 6 மில்லி ஆம்பியர் டி.சி. (ஒரே திசையில் ஓடும் மின்சாரம்) கசிவைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு சார்ஜருக்குள்ளேயே இருந்தால் ஏ டைப் போதும், இல்லையென்றால் டி.சி. கசிவுக்கும் விழும் பி டைப் போட வேண்டும். சார்ஜர் டேட்டா ஷீட்டில் அதைத் தேடிப் பார்க்காமல் கொட்டேஷன் எழுதாதீர்கள் என்றார்.

சோலார் பக்கம் கூட்டம் அலைமோதியது. வீட்டுக் கூரை சோலாருக்கான மத்திய அரசின் பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்றதும் வயரிங் ஆட்கள் பலர் கூரை ஏறிவிட்டார்கள். அங்கே ஒரு ஸ்டாலில் சோலார் பேனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கனெக்டர் ஒன்றை, உருகிப்போனதை, கையில் கொடுத்தார்கள். ஆண் ஒரு கம்பெனி, பெண் இன்னொரு கம்பெனி. சொருகினால் 'கிளிக்' என்று பொருந்தும், ஆனால் உள்ளே தொடுகை சரியாக இருக்காது, சூடேறும். பேனலிலிருந்து வரும் டி.சி. பக்கம், அளவுக்கு மேல் மின்சாரம் போனால் துண்டிக்கும் எம்.சி.பி.யில் சாதாரண ஏ.சி. வகையைப் போடக் கூடாது என்பதையும் அங்கேதான் ஒருவர் தெளிவாக விளக்கினார். நம் 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. மின்னோட்டம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்துக்கு வரும், அந்த நேரத்தில் சுவிட்ச் துண்டிக்கும்போது உண்டாகும் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு. டி.சி.க்கு அந்த இடைவெளியே கிடையாது.

கருத்தரங்குகளில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கிரிட், ஏற்றுமதி, கொள்கை என்று போனது. ஏசி குளிரில் கால் வலி தீர்ந்தது, அவ்வளவுதான். அதைவிட, சின்னச் சின்ன ஸ்டால்களில் கேபிள் முனையில் மாட்டும் லக், கேபிளைப் பெட்டிக்குள் இறுக்கிப் பிடிக்கும் கிளாண்ட், லக்கை அழுத்திப் பிடிக்கவைக்கும் கிரிம்பிங் டூல் விற்பவர்கள் எவ்வளவோ மேல். அலுமினியக் கேபிளைச் செம்பு பஸ்பாரில் (இணைப்புப் பட்டையில்) முடிக்க, அலுமினியமும் செம்பும் சேர்ந்த பைமெட்டல் லக்கை டூலால் எப்படி அழுத்திக் கடிக்க வேண்டும் என்று ஒருவர் பொறுமையாகச் செய்து காட்டி, என் கையாலும் செய்ய வைத்தார்.

விலை மட்டும் யாரும் சொல்ல மாட்டார்கள். "எத்தனை ஆயிரம் பீஸ்?" என்று ஒரு ஸ்டாலில் கேட்டார்கள். ஒரு பெட்டி போதும் என்றதும் பேச்சு அடுத்தவரிடம் போய்விட்டது. அதனால் கோவை டிஸ்ட்ரிபியூட்டர் நம்பரை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

ஊருக்கு வந்து கேட்டால் ஏ டைப் ஸ்டாக் இல்லை, ஆர்டர் போட்டால்தான் வரும் என்றார்கள். இப்போது இ.வி. சார்ஜர் கொட்டேஷனில் அதைத் தனி வரியாகவே எழுதுகிறேன். ஒரு அபார்ட்மென்ட்காரர் காரணம் கேட்டார், சொன்னேன், சரி என்றார். இன்னொருவர் கூடுதல் காசு எதற்கு என்று வேறு ஆளை வைத்து ஏ.சி. டைப்பே போட்டுக்கொண்டார்.