வேலூரில் ராட்டினத்துக்கு நூறு ரூபாய், கோட்டைக்குச் சும்மா

"ஆஸ்பத்திரின்னா முந்நூறு சார். சுத்திப் பாக்கன்னா முந்நூத்தம்பது."

காட்பாடி ரயில் நிலைய வாசலில் ஆட்டோக்காரர் சொன்ன கணக்கு இது. நாங்கள் போகவேண்டியது வேலூர்க் கோட்டை. அவர் சொன்ன சி.எம்.சி. ஆஸ்பத்திரியும் கோட்டையும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன. அப்புறம் எதற்கு ஐம்பது ரூபாய் கூடுதல்? ஊர் பார்க்க வருகிறவன் கையில் காசு இருக்கும் என்ற நம்பிக்கைதான். மொத்தமே ஆறேழு கிலோமீட்டர் வரும். என் மாமியார் அங்கேயே பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "பஸ் ஸ்டாப் எங்கம்மா இருக்கு?"

காட்பாடிக்கும் பாகாயத்துக்கும் நடுவே 1, 2 என்ற எண்களில் டவுன் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கின்றன. சாலைக்கு நடந்து வந்து நின்றால் போதும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் எனக்கும் அத்தைக்கும் இலவசம், வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் மட்டும் டிக்கெட். அந்த முந்நூற்றைம்பதில் மிச்சமான பணம் எங்கே போனது என்பதைப் பிறகு சொல்கிறேன். ராட்டினக்காரர் வாங்கிக்கொண்டார்.

கோட்டைக்குள் போக நுழைவுச் சீட்டு கிடையாது. 133 ஏக்கர், சுற்றிலும் அகழி, கருங்கல் மதில். விஜயநகர ஆட்சிக் காலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் கட்டியது. அகழியில் அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கில் முதலை விட்டிருந்தார்களாம். கதையோ நிஜமோ, பையன் அதன் பிறகு தண்ணீர் ஓரமாக நடக்கவே இல்லை. வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. காலை ஒன்பதுக்குள் போங்கள், இல்லையென்றால் நான்கு மணிக்கு மேல் போங்கள். நடுப்பகலில் அந்தக் கருங்கல்லைத் தொட்டுப் பார்த்தாலே ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில். ராஜகோபுரத்தைத் தாண்டியதும் இடது பக்கம் கல்யாண மண்டபம் இருக்கிறது. தயவுசெய்து சாமியைப் பார்த்த கையோடு வெளியே வந்துவிடாதீர்கள். எங்களுக்கு முன்னால் வந்த கூட்டம் அப்படித்தான் போனது. மண்டபத்துத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிற்கும் யாளிகளும் குதிரைகளும், அவற்றின் மேல் வீரர்களும். கூரையை அண்ணாந்து பார்த்தால் ஒரு பெரிய பூவைச் சுற்றி வட்டமாகக் கிளிகள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன். ரிஷபகுஞ்சரம் என்று ஒரு சிற்பம் உண்டு, அதைத் தேடிப் பிடியுங்கள். காளைக்கும் யானைக்கும் சேர்த்து ஒரே தலை. ஒரு பக்க உடம்பை மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. பையன் உள்ளங்கையால் மாற்றி மாற்றி மறைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். போனில் விளையாடுகிற பிள்ளையை ஒரு கல் அவ்வளவு நேரம் நிறுத்தி வைத்தது என்றால் அந்தச் சிற்பியை என்னவென்று சொல்வது!

இந்த மண்டபத்தை அப்படியே பிரித்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக வெள்ளைக்காரர்கள் திட்டம் போட்டார்கள், ஏற்றிப் போக வந்த கப்பல் கடலில் மூழ்கிவிட்டது என்று ஊரில் ஒரு கதை சொல்கிறார்கள். அத்தைக்கு அந்தக் கப்பலில் ரொம்ப திருப்தி. இன்னொன்று அவருக்குத் தெரியாமல் இருந்தது: இந்தக் கோயில் பல தலைமுறையாகச் சாமி இல்லாமல் கிடந்தது. ஆயுதக் கிடங்காகக்கூட இருந்திருக்கிறது. சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-இல்தான் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். "அப்ப உன் வீட்டுக்காரனை விடக் கொஞ்சம் மூத்ததுதான் இந்தப் பூசை" என்றார் அத்தை.

கோயிலுக்கு வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தபோதுதான் இங்கே 1806-இல் நடந்த சிப்பாய்க் கலகத்தின் பேச்சு வந்தது. பையன் கேட்டான், "தொப்பிக்காகவாம்மா சண்டை போட்டாங்க?"

தொப்பி மட்டும் இல்லை. நெற்றியில் விபூதி, நாமம் கூடாது, கடுக்கன் கூடாது, தாடியை வெட்டவேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைப் போட்டுக்கொள்ளவேண்டும் என்று மதராஸ் ராணுவத்தில் உத்தரவு. மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. திப்பு சுல்தானின் குடும்பம் அப்போது இந்தக் கோட்டைக்குள்தான் காவலில் இருந்தது. திப்புவின் மகள் ஒருத்தியின் கல்யாணம் நடந்த கையோடு, ஜூலை 10-ஆம் தேதி விடிவதற்குள் சிப்பாய்கள் எழுந்துவிட்டார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பலர் படுத்த இடத்திலேயே செத்தார்கள். கோட்டையில் திப்புவின் புலிக்கொடி ஏறியது. சேதி ஆற்காட்டுக்குப் போக, அங்கிருந்து கில்லஸ்பி என்ற அதிகாரி குதிரைப்படையோடு பாய்ந்து வந்தார். உள்ளே மிச்சம் இருந்த வெள்ளையர்கள் இடுப்புப் பட்டைகளை முடிச்சுப் போட்டுக் கயிறாக இறக்க, அதைப் பிடித்துக்கொண்டு இந்த மதிலில்தான் ஏறினார். பிறகு பீரங்கியால் கதவை உடைத்தார்கள். நூறு சிப்பாய்கள் வரை ஒரு சுவரோரம் நிறுத்திச் சுட்டுக் கொன்றார்கள். மொத்தம் செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். பையன் மதிலை நிமிர்ந்து பார்த்தான். "இதுலயா ஏறுனார்?" என்றான். அத்தை பதிலே பேசவில்லை. 1857-க்கு 51 வருடம் முந்தைய கதை இது.

என் ஆதங்கம் இங்கேதான். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. எங்கெங்கோ இருந்த பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி, குயவர் சக்கரம் சுற்றுவதையும் நெசவையும் நேரில் காட்டுகிறார்கள். 1996-இல் திறந்தது. காசு கொடுத்துத்தான் உள்ளே போகிறோம், யாரும் வருத்தப்படுவதில்லை. வேலூரில் எதையும் பிரித்துக் கொண்டுவர வேண்டியதில்லை. மதில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. திப்பு மகால், ஹைதர் மகால், கோயில், மசூதி, தேவாலயம் எல்லாம் ஒரே வளாகத்தில். அந்தத் தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு நான்கு கூத்துக் கலைஞர்கள் சனி, ஞாயிறு மாலையில் இந்த ஒரு ராத்திரியை நடித்துக் காட்டினால் தலைக்கு இருநூறு ரூபாய் நான் கொடுப்பேன். தெருக்கூத்துக்குப் பேர்போன வட ஆற்காட்டில் ஆளுக்கா பஞ்சம்?

கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கும் போங்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டாவது சனிக்கிழமையும் விடுமுறை, அதைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். கண்டியின் கடைசி அரசர் விக்கிரமராஜசிங்கன் விளையாடிய தந்தச் சதுரங்கப் பலகை அங்கே இருக்கிறது. 1815-இல் பிடிபட்டு, இந்த ஊரில் சிறையிருந்து, 1832-இல் இங்கேயே இறந்தவர். பாலாற்றங்கரையில் அவருக்கு முத்து மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ஸ்ரீபுரம் தங்கக்கோயிலுக்கும் போனோம். அதைப் பற்றி ஊரே எழுதிவிட்டது. நட்சத்திர வடிவப் பாதை கிட்டத்தட்ட 1.8 கிலோமீட்டர், முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாகப் போங்கள், அவ்வளவுதான்.

சரி, ராட்டினம். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தில் பொருட்காட்சி போட்டிருந்தார்கள். உள்ளே நுழையக் காசு, அதன் பிறகு எதைத் தொட்டாலும் ஆளுக்கு நூறு. கொலம்பஸ் கப்பலில் ஏறி உட்கார்ந்தோம். எங்கள் வரிசைக் கம்பிக்குப் பூட்டு இல்லை, நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். "எறங்குடா" என்று அத்தை போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசையும் இறங்கிவிட்டது. காசைத் திருப்பிக் கேட்டால், வேறு ராட்டினத்தில் ஏறிக்கொள்ளச் சொன்னார் அங்கே நின்ற பையன். ஜெயண்ட் வீலில் ஏறினோம். அதன் கம்பி சரியாக இருந்தது, இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மேலே போனதும் ஊர் விளக்கெல்லாம் தெரிந்தது, அதற்குள் நிறுத்தி இறக்கிவிட்டார்கள். நூறு ரூபாய்க்கு அது ரொம்பக் குறைச்சல்.

மரணக் கிணறு மட்டும் காசுக்குத் தகும். பலகைச் சுவரில் பைக் ஏறும்போது நாம் நிற்கிற மேடையே ஆடுகிறது. வேகம் வண்டியைச் சுவரோடு அழுத்துவதால்தான் விழாமல் நிற்கிறது என்று வீட்டுக்காரர் விளக்கிக்கொண்டிருக்கும்போதே, கைப்பிடியை விட்டுவிட்டு மேலே வந்த ஓட்டுநர் அவர் நீட்டிய இருபது ரூபாய் நோட்டைப் பறித்துக்கொண்டு போனார். விளக்கம் அங்கேயே நின்றது. ஹெல்மெட் இல்லை, வலை இல்லை. பையன் கைதட்டினான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மறுநாள் ஆம்பூருக்குத் தனியார் பஸ். "இதோ எடுத்தாச்சு, இதோ எடுத்தாச்சு" என்று நடத்துநர் கூவ, வண்டி பத்தடி முன்னால், பத்தடி பின்னால் என்று உறுமிக்கொண்டு அங்கேயே நின்றது. வெயில் ஏறியது. ஸ்பீக்கர் சரியாக என் தலைக்கு மேல். கிளம்பிய பிறகும் கைகாட்டியவர்களுக்கெல்லாம் நின்றது. அரசுப் பேருந்து இரண்டு எங்களைத் தாண்டிப் போனதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு எரிச்சலையும் பிரியாணி ஒன்றே சரிக்கட்டியது. சீரகச் சம்பா, அதிகக் காரம் இல்லை, மசாலா தொண்டையில் நிற்கவில்லை, கறி விரலால் தொட்டால் பிரிகிறது. கூடவே வரும் கத்திரிக்காய்த் தொக்கில் புளியும் எண்ணெயும் அப்படி ஒரு பதம். அசைவம் தொடாத அத்தை தனியாக வெள்ளைச் சோறு வாங்கி அந்தக் கத்திரிக்காயைப் பிசைந்து சாப்பிட்டார். ஆமாம், அது கறிச்சட்டி இருக்கிற அடுப்படியில் செய்ததுதான். அதை நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. பன்னிரண்டு மணிக்கே போய்விடுங்கள். ஒன்றரைக்கு வந்தவர்களுக்குக் குஸ்காதான் மிச்சம். கத்திரிக்காய் இன்னொரு கரண்டி கேட்டால் முகம் சுளிக்காமல் வைக்கிறார்கள், அதற்குத் தனிக் காசும் இல்லை.