தேயிலை மேசையில் நாட்டுப் பெருமை

கொழும்பில் தேயிலை ரேஸ்டிங் அறைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகள் சீக்கிரமே பழகிவிடும் வசனம்: “உலகத்திலேயே எங்கட தேயிலைதான் திறம்.” அதில் பிழையில்லை. எங்கள் மலைநாட்டின் ஊவாப் பகுதியில் விளைந்த நல்ல தேயிலையைக் குடித்தவர் எவரும் அந்தப் பெருமையைக் குறைசொல்லமாட்டார். ஆனால் அதற்கு அடுத்த வசனமாக, “கென்யாத் தேயிலை வெறும் தூள்” என்று வரும்போது மேசையில் வேலை கெட்டுப்போகிறது.

ஏனென்றால் அந்தத் தீர்ப்பு பெரும்பாலும் பிழையான சோதனையில் பிறக்கிறது. ருசிச் சோதனைக்குத் தேநீர் தயாரிக்கும் சர்வதேச நியமமான ஐஎஸ்ஓ 3103இன்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம் ஊறல். எங்கள் தேயிலையில் பெரும்பகுதி இலையைச் சுருட்டிச் செய்யும் ஓதொடொக்ஸ் வகை. அதன் மணமும் சுவையும் மெல்ல இறங்கும். கென்யாவில் பெரும்பாலும் இலையை நசுக்கிக் கிழித்துக் குருணையாக்கும் சிரிசி (CTC) முறை. அது சட்டென்று சாயம் விடும். ஆறு நிமிடம் ஊறவிட்டு, பால் சேர்க்காமல் குடித்தால் துவர்ப்புத் தூக்கும். உடனே “தரமில்லை” என்று எழுதிவிடுகிறார்கள். அதை வாங்குகிறவரோ தேநீர்ப் பையில் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்தில் எடுத்து, பால் ஊற்றிக் குடிக்கிறார். அந்தக் கோப்பையில் எங்கள் மலைநாட்டு பிஓபி (BOP என்ற உடைத்த இலைக் கிரேட்) வெளிறிப்போய் நிற்கும்.

ஆகவே இரண்டு சுற்று வைக்கவேண்டும்: ஆறு நிமிடம் பாலின்றி ஒன்று, மூன்று நிமிடம் பாலுடன் ஒன்று. ஊற்றுகிறவர் ஒருவர், ருசிக்கிறவர்கள் வேறு. பெயரை மறைத்து இலக்கம் மட்டும் இடுவது அவசியம். தண்ணீர் ஒரே கேத்தலில் புதிதாகக் கொதித்ததாக இருக்கட்டும். திரும்பத் திரும்பக் கொதித்த நீரில் எந்தத் தேயிலையும் சப்பென்றிருக்கும். கடுமையான கோப்பை முதலில் வந்தால் நாக்கு மரத்துவிடும், அடுத்த சுற்றில் வரிசையை மாற்றுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் எங்கள் கோப்பை முன்னுக்கு வந்தால் தாராளமாகப் பெருமைப்படலாம்.

பெருமையை எழுதுவதிலும் ஒழுங்கு தேவை. விற்பனைக் கடிதத்தில் “உலகின் சிறந்த தேயிலை” என்ற வரியால் வாங்குபவருக்கு ஒரு பயனும் இல்லை. தோட்டம், கிரேட், 1200 மீற்றருக்கு மேல் விளைந்ததா, எந்த மாதத்தில் செய்தது என்பதை எழுதுங்கள். ஓகஸ்ட், செப்டெம்பரில் வறண்ட காற்று அடிக்கும்போது ஊவாவில் வரும் தனி மணத்தைச் சொல்லுங்கள். அவர் தன் மேசையிலேயே சரிபார்ப்பார். தேயிலைச் சபையின் சிங்க இலச்சினையும் அப்படித்தான்: முழுக்க இலங்கைத் தேயிலை, இலங்கையிலேயே பொதிசெய்தது, தரம் தேறியது. நிபந்தனையோடு வருவதால்தான் அதற்கு மதிப்பு.

இந்த இறுமாப்பு வெளிநாட்டாரைத் தாழ்த்துவதோடு நிற்பதில்லை. உலகின் முதல் முழு இயற்கை விவசாய நாடு என்ற பெயருக்காக 2021இல் இலங்கை அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்தது. விளைச்சல் விழும் என்று துறைக்குள்ளிருந்தே எச்சரித்தார்கள், கேட்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தடை விலக்கப்பட்டது. ஆனாலும் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் 25 கோடி கிலோ அளவுக்கு இறங்கிற்று.

“எங்கட” என்று சொல்லும்போது நினைக்கவேண்டிய வேறொன்றும் உண்டு. இங்கே 1867இல் வர்த்தகமாகத் தொடங்கிய இந்தப் பயிருக்கு அஸ்ஸாமிலிருந்தும் விதை வந்தது. கொழுந்து பறித்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களில் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. அவர்கள் பறித்த தேயிலை மட்டும் நாட்டின் பெயரோடு கப்பலேறியது. புதிய பிள்ளைகளுக்கு கிரேட்டுகளைப் படிப்பிக்கும்போதே இதையும் சொல்லிக்கொடுக்கவேண்டும். இதைத் தெரிந்த பிள்ளை கென்ய மலையில் கொழுந்து பறிக்கிறவரின் உழைப்பை “வெறும் தூள்” என்று சொல்லமாட்டாது.